குழந்தை சட்டையில் மெழுகு சொட்டினால்: கறையும் தூரமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

கடந்த சில வாரங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே சந்தேகத்தைக் கேட்டுவிட்டீர்கள். குழந்தையின் நல்ல சட்டையில் மெழுகுவத்தி சொட்டிவிட்டது, எப்படி எடுப்பது? ஒருத்தி என் பழைய மாணவி. இன்னொருத்தி நாத்தனார் வீட்டு மருமகள். மூன்றாவது ஆள், பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் உயிரை வாங்கியவன். இப்போது ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு அப்பா. முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தியவள் என்பதால் கேட்கிறீர்கள், சந்தோஷம். ஆளுக்கொரு பதில் அனுப்புவதைவிட எல்லாருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெழுகுக் கறையை எடுக்க மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். ஒரு சொம்பு வெந்நீரும் ஒரு பழைய வேட்டியும் போதும். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. மெழுகு பறந்து வந்து ஒட்டாது. நேரே கீழேதான் சொட்டும். ஊதும்போது தெறித்தாலும் ஒரு முழத்துக்கு மேல் போகாது. அப்படியென்றால், குழந்தையின் நெஞ்சில் மெழுகு விழுந்த அந்த நிமிஷத்தில் தீ எங்கே இருந்தது? கறையைப் பற்றி மூன்று பேரும் கேட்டீர்கள். அந்தத் தூரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதற்கு வருகிறேன்.

முதலில் கறை. அதைச் சொல்லாமல் புத்தி மட்டும் சொன்னால் பாதியிலேயே ஓடிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மெழுகு விழுந்ததும் ஈரத்துணி எடுத்துத் தேய்க்காதீர்கள். உருகிய மெழுகைத் தேய்த்தால் பொட்டு அளவு இருந்தது உள்ளங்கை அளவு ஆகும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, சட்டையைக் கழற்றிக் குழந்தையின் தோலைப் பார்ப்பது. சிவந்திருந்தால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பத்து இருபது நிமிடம். ஐஸ் வைக்க வேண்டாம். பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் பூச வேண்டாம். தோலில் ஒட்டிய மெழுகைப் பிய்க்கவும் வேண்டாம். கைக்குழந்தை என்றால் சின்னச் சூடு என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சட்டை ஓரமாகக் கிடக்கட்டும், அவசரமில்லை. மெழுகுக் கறை மறுநாள் வரை காத்திருக்கும். நேரம் ஆக ஆகப் பிடித்துக்கொள்கிற கறை இல்லை அது.

அடுத்த நாள் சட்டையை ஒரு கேரி பையில் சுற்றி ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் கால் மணி நேரம் வையுங்கள். மெழுகு இறுகி நொறுங்குகிற பதத்துக்கு வரும். துணியை லேசாக மடக்கினாலே விரிசல் விடும். ஸ்பூனின் பின்பக்கத்தால் சுரண்டுங்கள். கத்தி, பிளேடு கூடாது. மல் துணியும் லேஸும் ஒரு இழை போனால் போனதுதான். இப்படிச் சுரண்டுவதிலேயே முக்கால்வாசி போய்விடும். நூலுக்குள் இறங்கிய கால்வாசிதான் உண்மையான வேலை.

அங்கேதான் எல்லாரும் இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறீர்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கடையில் வாங்கும் மெழுகுவத்தி சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பருத்திக்கு என்று திருகி வைத்த இஸ்திரிப் பெட்டி 200 டிகிரியைத் தொடும். பிறந்தநாள் கவுனில் அடுக்கடுக்காக வைத்துத் தைக்கிறார்களே நைலான் நெட், அது 200-ஐத் தாண்டினால் உருகத் தொடங்கும், அதற்கு முன்பே சுருங்கும். 60 டிகிரி வேலைக்கு 200 டிகிரி ஆயுதம் எதற்கு?

நம் வீடுகளில் இஸ்திரிப் பெட்டி இல்லாத காலத்தில் பித்தளைச் சொம்பில் சூடாக எதையாவது போட்டுச் சட்டையின் சுருக்கம் எடுத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதையேதான் செய்யச் சொல்கிறேன். அடிப்பக்கம் சமமாக இருக்கிற எவர்சில்வர் சொம்பிலோ கனமான டம்ளரிலோ முக்கால் அளவு கொதித்த தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. சொம்பின் அடி அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மெழுகை உருக்க அது தாராளம், துணியைக் கெடுக்க அது போதாது. எந்தச் சுவிட்சும் இல்லாமல் தானாகவே அளவோடு நிற்கிற இஸ்திரிப் பெட்டி! குழந்தை தவழ்ந்து வருகிற இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு மேஜை மேல் வைத்துச் செய்யுங்கள்.

கறைக்குக் கீழே பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வையுங்கள். மேலேயும் ஒரு மடிப்பு. அதன் மேல் சொம்பை வைத்து மெதுவாக இருபது எண்ணுங்கள். இழுக்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். உருகிய மெழுகு சட்டையிலிருந்து வேட்டிக்கு ஏறியிருக்கும். துணியின் சுத்தமான பகுதியை நகர்த்தி வைத்து மறுபடி, மறுபடி. ஐந்தாறு தடவைக்குப் பிறகு வேட்டியில் எண்ணெய்த் தடம் விழுவது நின்றுவிடும். நுண்புழை ஏற்றம் என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேனே, நினைவிருக்கிறதா? திரியில் மெழுகு ஏறி எரிவதும், இங்கே மெழுகு வேட்டிக்கு ஏறுவதும் ஒரே சங்கதி. மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு மெழுகுவத்தியை மட்டுமே வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு நடத்தினார். அவ்வளவு பாடம் இருக்கிறது அதற்குள்.

செய்தித்தாளை வைத்து எடுக்கச் சொல்கிறார்கள் சிலர். வெள்ளைச் சட்டையில் அச்சு மை இறங்கிவிடும். வேட்டி இல்லாவிட்டால் அச்சடிக்காத காகிதம், டிஷ்யூ பேப்பர்.

மெழுகு போன பிறகு லேசான பிசுக்கு இருக்கும். குழந்தைக்குப் போடுகிற சோப்பையே குழைத்துத் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் அலசுங்கள். சிவப்பு, நீலம் என்று வண்ண மெழுகாக இருந்தால் சாயத்தின் நிழல் தங்கும். வெள்ளைப் பருத்தி என்றால் ஈரத்தோடு மதுரை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு வெளுக்கத் தெரியும். பட்டுப் பாவாடைக்கு வெயிலும் வேண்டாம், சலவைச் சோடாவும் வேண்டாம். பட்டு ஒரு புரதம், சோடா அதை அரித்துவிடும். மேல் மடிப்பை இன்னும் தடிமனாக வைத்து, சொம்பை இரண்டே நிமிடம் ஆறவிட்டு வைத்துப் பாருங்கள். கம்பளிச் சட்டையைத் தேய்க்கவே கூடாது, சுருங்கிவிடும். கல்லும் முத்தும் ஒட்டிய உடை என்றால், ஒட்டிய பசை சூட்டில் இளகும், அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மெழுகோடு சட்டையை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். வெந்நீர் என்றால் மெழுகு மற்றத் துணிக்கும் பரவும், பிறகு குழாயில் போய் உறையும். குளிர்ந்த தண்ணீர் என்றால் போட்டது போட்டபடியே வரும்.

"துணியிலிருந்து மெழுகை எடுப்பது பெரிய வித்தை" என்று யாராவது சொன்னால் நம் மதுரைக்காரர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும். சுங்குடிச் சேலை எப்படி ஆகிறது? நாயக்கர் காலத்தில் இங்கே வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது ஒரு வகை. 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தக் கைத்திறனுக்குத்தான். பிறகு வந்தது மெழுகு அச்சு. உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையை முக்கித் துணியில் பதிப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயம் தோய்த்து முடிந்ததும் கொதிநீரில் போட்டு எடுத்தால் மெழுகு உருகி மேலே மிதக்கும். தண்ணீரைவிட எடை குறைந்தது அது, தண்ணீரில் கரையாதது. அவர்கள் அந்த வேலைக்கு மண்ணெண்ணெய் தேடிப் போவதில்லை, வெந்நீரைத்தான் நம்புகிறார்கள். அந்தச் சேலைதான் பழசாகி மெத்தென்று ஆனதும் நம் வீட்டில் தொட்டில் கட்டுகிறோம். நம் பிள்ளைகள் தூங்கியதே மெழுகு போன துணியில்தான்.

சரி, மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். நான் மேலே சொன்ன மாணவி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று மாத ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தைக்குப் போட்ட வெள்ளை உடை அவள் கணவருக்கு ஞானஸ்நானத்தன்று போட்டதாம். மாமியார் முப்பத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவத்தியை ஞானத்தந்தை பிடித்திருந்தபோது, குனிந்து போட்டோவுக்கு நின்ற நேரத்தில் அடிமடியில் மூன்று சொட்டு. வீட்டில் யாரோ ஒரு பெரியம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும் என்று சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா சொன்னதில் வேதியியல் தப்பில்லை. பேர்தான் மெழுகே தவிர, இன்றைய மெழுகுவத்தி தேனடையிலிருந்து வருவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து பிரிக்கும் பாரஃபின் அது. நம் நாட்டில் அஸ்ஸாம் திக்பாய் சுத்திகரிப்பு ஆலை 1901-லிருந்து ஓடுகிறது, மெழுகுக்குப் பேர்போன ஆலை. அதே கச்சா எண்ணெயிலிருந்துதான் மண்ணெண்ணெயும் பெட்ரோலும். மெழுகுக்கு இரண்டும் பங்காளிகள். பங்காளியில் பங்காளி கரையும். அதனால் கறை போகும்.

போன பிறகு? மண்ணெண்ணெய் துணியை விட்டு லேசில் போகாது. இரண்டு தடவை துவைத்தாலும் மூக்கை வைத்தால் தெரியும். அந்தத் துணி உரசப் போவது கைக்குழந்தையின் தோலில். அது எரிச்சல் தரும், கொப்புளம்கூட வரும். குழந்தை சட்டை நுனியை எடுத்து வாயில் வைக்கும், வைக்காத குழந்தை உண்டா? இன்னொன்று, மூடியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஒரு கறைக்காக அந்தப் பாட்டிலை வீட்டுக்குள் திறக்கவே வேண்டாம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். சானிடைசரில் மெழுகு கரையவே கரையாது. ஆனால் தீப்பற்றும்.

சொம்பு வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று சொட்டும் போய்விட்டது, ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற நிழல். அதைப் போக்க இன்னொரு மருந்து சொல்லுங்கள் என்றாள். மாட்டேன் என்றேன். முப்பத்தைந்து வருடத் துணி அது, வெளுப்புத்தூள் போட்டால் நிழலோடு நூலும் போகும். "அத்தை என்ன சொல்வாங்களோ டீச்சர்" என்று குரல் இறங்கியது. இதில்தான் எனக்குக் கோபம். மெழுகுவத்தியைப் பிடித்தது ஞானத்தந்தை. குனியச் சொன்னது போட்டோகிராபர். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது சொந்தபந்தம் முழுக்க. கறைக்குப் பதில் சொல்ல வேண்டியது மட்டும் பிள்ளை பெற்று மூன்று மாதமான பெண்ணா? சேலையில் குழம்பு பட்டாலும் சட்டையில் மெழுகு பட்டாலும் நம் வீடுகளில் கேள்வி போவது ஒரே திசையில்தான். மாமியாராக இருக்கிற என் வயதுக்காரர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். கொடுத்த பிறகு அது குழந்தையின் துணி, உங்கள் பீரோவின் துணி இல்லை.

இப்போது அந்தத் தூரத்துக்கு வருகிறேன்.

கடைசி பெஞ்சுக்காரன் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். முதல் பிறந்தநாள். ஆறேழு அடுக்கு நெட் வைத்த ரோஸ் கலர் கவுன், தலையில் நெட் பூ. குழந்தையை மேஜை மேலேயே, கேக்குக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். கவுனின் விளிம்பு கேக்கைத் தொடுகிறது. மெழுகுவத்தி எரிகிறது, பக்கத்தில் பூத்திரி மாதிரி பொறி கக்கும் ஒன்றும் எரிகிறது. சுற்றி நிற்கிற பத்துப் பேரும் போனைப் பார்க்கிறார்கள், குழந்தையை யாரும் பார்க்கவில்லை. குழந்தை என்ன செய்யும்? பளபளவென்று தெரிவதைப் பிடிக்கக் கை நீட்டும். நீட்டியிருக்கிறது. அவன் மனைவி சட்டென்று கையை இழுத்ததில்தான் மெழுகு கவுனில் கொட்டியிருக்கிறது. அவன் கேட்டது, "டீச்சர், நெட்ல பட்ட மெழுகு போகுமா?"

போகும். மேலே எழுதியிருக்கிறேன், படித்துக்கொள். ஆனால் அப்பா, மெழுகுவத்திச் சுடரின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அந்தக் கவுன் அடுக்குக்கு அடுக்கு காற்றைப் பிடித்து வைத்திருக்கிற துணி. எரிய வேண்டிய பொருளும் காற்றும் தயாராக இருக்கின்றன, மூன்றாவதாக வேண்டியது சூடு மட்டும்தான். எரிதலுக்குத் தேவையான மூன்று என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன். நீ அதையாவது சரியாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன்.

பருத்தி போட்டால் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மெல்லிய பருத்தியும் சுலபமாகப் பற்றும். வித்தியாசம் என்னவென்றால், நைலானும் பாலியெஸ்டரும் உருகி, சொட்டி, தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை எடுக்க முடியாது. தொளதொளவென்று தொங்குகிற எந்தத் துணிக்கும் தீ ஆபத்துதான். உடம்போடு ஒட்டிய உடை என்றால் ஆபத்து கொஞ்சம் குறைவு.

அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடை தீப்பற்றக் கூடாது என்று 1970-களின் தொடக்கத்தில் விதி கொண்டுவந்தார்கள். விதிக்காகத் துணியில் டிரிஸ் என்ற ரசாயனத்தைத் தோய்த்தார்கள். சில வருடத்துக்குள் அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று தெரிந்து 1977-ல் அந்த உடைகளைத் தடை செய்தார்கள். தீயிலிருந்து காப்பாற்றப் போய்க் குழந்தையின் தோலில் விஷத்தைப் போர்த்திய கதை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், துணியை மாற்றி, மருந்தைத் தடவி இந்தப் பிரச்சினையைத் தீர்க்கலாம் என்று பார்ப்பதைவிட, மெழுகுவத்தியை நாலடி தள்ளி வைப்பது சுலபம். செலவும் இல்லை.

மெழுகுவத்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2012 மின்வெட்டு சமயத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துப் பொதுத்தேர்வு எழுதிய பேட்ச் இதைப் படிக்கும். உங்கள் நோட்டுகளில் மெழுகுச் சொட்டோடுதான் திருத்தினேன், அதற்காக ஒரு மதிப்பெண் குறைத்தது கிடையாது. கோயிலில் தீபம் இருக்கட்டும், சர்ச்சில் திரி இருக்கட்டும், நவம்பர் 2-ம் தேதி கல்லறைக்குப் போகிறவர்கள் ஏற்றட்டும். கைக்குழந்தையை வைத்திருக்கிற கையும் மெழுகுவத்தி பிடிக்கிற கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டாம், அவ்வளவுதான். ஞானஸ்நானத்தில் திரியைப் பிடிப்பவர் குழந்தையின் கால்மாட்டில் ஒரு எட்டுத் தள்ளி நிற்கலாம், திரியின் அடியில் காகிதக் கோப்பையைச் செருகிக்கொள்ளலாம். பூசைக்கு எந்தக் குறையும் வராது. பிறந்தநாளில் கேக்கை வெட்டுவது எப்படியும் அப்பா அம்மாதான், ஒரு வயசுக்கு ஊதத் தெரியாது. முதலில் ஏற்றி, ஊதி, அணைத்து, மெழுகுவத்தியை எடுத்துவிட்டுப் பிறகு குழந்தையைக் கொண்டுவாருங்கள். போட்டோவில் சுடர் இல்லை என்று இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை வந்து கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு விஷயம். அந்தக் கோயம்புத்தூர் மாணவி பேச்சுவாக்கில் சொன்னது. மெழுகைவிட அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"மெழுகு போயிருச்சு டீச்சர், ஆனா பாச்சா உருண்டை வாசம்தான் இன்னும் போகல."

முப்பத்தைந்து வருடம் அந்த உடை பாச்சா உருண்டைகளோடு பீரோவில் இருந்திருக்கிறது. சில வீடுகளில் ரசகற்பூரம் என்பார்கள், அதே நாப்தலீன்தான். திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும் பொருளுக்கு உதாரணமாகப் பாடத்தில் வரும். அந்த ஆவி துணியில் இறங்கித் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தலைவலியோடு போகும். பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை. நாப்தலீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தேய்த்த தோல் என்றால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். நம் வீட்டில் கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்காத நாள் ஏது? சில குழந்தைகளுக்குச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறப்பிலேயே குறைவாக இருக்கும். ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். பார்த்தால் தெரியாது, நன்றாகத்தான் இருப்பார்கள். நாப்தலீன் பட்டால் அவர்களுடைய சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். மஞ்சள் காமாலை கூடும், சிறுநீர் கறுக்கும், குழந்தை வெளிறிச் சோர்ந்துவிடும். இந்த உருண்டையோடு வைத்த துணியையும் போர்வையையும் போட்டதாலேயே பிறந்த குழந்தைகளுக்கு இப்படி ஆனதைப் பல நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காமாலை முற்றினால் மூளையைப் பாதிக்கும்.

அவள் பிள்ளை நன்றாக இருக்கிறான், குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிட்டார்கள். அந்த உடையைப் போட்டிருந்தது இரண்டு மணி நேரம்தான். ஆனால் எத்தனை வீட்டில் அப்பாவின் தொட்டில் போர்வை, அத்தையின் கம்பளிச் சட்டை என்று பீரோவைத் திறந்து அப்படியே குழந்தைக்குப் போர்த்துகிறோம்! வாசனை வந்தால் "சுத்தமா இருக்கு" என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். இத்தனைக்கும் இன்னொரு வேடிக்கை உண்டு. துணிப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு மாதிரி விலங்கிலிருந்து வருவதைத்தான். வெள்ளைப் பருத்தி உடையை அது சீண்டுவதில்லை. பருத்தியை அரிப்பது வெள்ளிப்பூச்சி. அதற்குப் பிடித்தது துணியைவிட அதில் போட்ட கஞ்சி. கஞ்சி போடாமல் வைத்தால் அந்த உடைக்கு உருண்டையே தேவைப்பட்டிருக்காது.

டிசம்பர் வருகிறது. பசுமலையில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் பழைய உடைகள் வெளியே வரும், திருமுழுக்கும் பிறந்தநாளும் வரிசையாக நிற்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து உருண்டைகளை எடுத்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். வெள்ளை மிட்டாய் மாதிரி இருப்பதால் வாயில் போட்டுக்கொள்வார்கள், ஒன்றே ஆபத்து. அந்தத் துணிகளை நிழலிலும் வெயிலிலும் மாற்றி மாற்றி ஒரு வாரம் காற்றாடப் போடுங்கள். நாப்தலீன் தண்ணீரில் கரையாது, காற்றில்தான் போகும். பிறகு துவையுங்கள். மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வாசம் இருந்தால் இன்னும் ஒரு வாரம். திரும்ப எடுத்து வைக்கும்போது நன்றாகத் துவைத்து, கஞ்சி போடாமல், முழுக்கக் காய்ந்த பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மதுரை வேர்வையில் பூஞ்சை பிடிக்கும். மெழுகின் நிழல் அடிமடியில் இருந்தால் இருக்கட்டும், அதோடு சேர்த்தே மடித்து வையுங்கள்.